பெரிய வீட்டுக்கு எந்தக் கலர் டார்ச் வாங்கணும்? காசு போடுறதுக்கு முன்னாடி இதப் படிச்சுருங்க

படைப்புக்கோ (முன்னோருக்குப் படைக்கிற குடும்பக் கும்பிடு) கல்யாணத்துக்கோ வருஷத்துல ஒருதடவை ரெண்டு தடவை காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் வந்து பூட்டிக் கெடந்த பெரிய வீட்டைத் திறக்கிறவங்க இருக்கீங்கல்ல, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். வீட்டைத் திறந்ததும் தேடுற முதல் சாமானே டார்ச்சுதான். முகப்புல ரெண்டு லைட் எரியும், வளவுல (உள்முற்றம்) ஒண்ணு எரியும், ரெண்டாம் கட்டுக்கு அந்தப் பக்கம் ஒயரை எலி கடிச்சிருக்கும், பின்னாடி கிணத்தடி கும்மிருட்டு. சரி நல்ல டார்ச் ஒண்ணு வாங்குவோம்னு ஆன்லைன்ல தேடுனா சிவப்பு, பச்சை, நீலம், யு.வி.ன்னு (புற ஊதா) நூறு வகை வந்து நிக்கும், எது எதுக்குன்னு ஒருத்தனும் உருப்படியா சொல்லியிருக்க மாட்டான். நான் கேட்டுக் கேட்டு, வாங்கி வாங்கிப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டத வரிசையா சொல்றேன், நீங்க அந்த அலைச்சல் படவேணாம்.

1. மொதல்ல வேலையைப் பாருங்க, கலர் அப்புறம்

ஒரே டார்ச்சுல அஞ்சு கலர், ஜூம், சைரன், சுத்தியல், காந்தம்னு வர்ற ஐட்டத்தை வாங்காதீங்க. அதுல ஒவ்வொரு கலருக்கும் ஒரு சின்ன எல்.இ.டி.தான் இருக்கும், எந்தக் கலரும் உருப்படியா எரியாது. தேவையான கலருக்கு தனித்தனியா நல்லதா வாங்கிக்கிறதுதான் கடைசில லாபம்.

என் கணக்குல ஒரு செட்டிநாட்டு வீட்டுக்கு மூணு போதும்: நல்ல வெள்ளை ஒண்ணு, சிவப்பு மோடு இருக்கிற ஹெட்லைட் ஒண்ணு, 365 யு.வி. ஒண்ணு (365ன்னா என்னன்னு நாலாவதுல சொல்றேன்). நான் பாத்தவரைக்கும் மூணும் செல், சார்ஜரோட சேத்து மூவாயிரத்துல இருந்து அஞ்சாயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுரும். பட்ஜெட் இடிச்சா வெள்ளைய மட்டும் மொதல்ல வாங்குங்க.

2. வெள்ளை: எல்லா வெள்ளையும் ஒண்ணு இல்ல

டப்பாவுல 6500கே-ன்னு போட்டிருந்தா (கே-ன்னா கெல்வின், வெளிச்சத்தோட நிறத்துக்கான அளவு) அது நீலம் அடிக்கிற வெள்ளை. 4000கே, 5000கே-ன்னா கிட்டத்தட்ட பகல் வெளிச்சம் மாதிரி. 3000கே பழைய குண்டு பல்பு மஞ்சள். வீட்டுக்குள்ள பொழங்க 4000, 5000 தான் நல்லது. அதோட சி.ஆர்.ஐ.ன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, 90க்கு மேல இருக்கான்னு பாருங்க. கலரை எவ்வளவு உண்மையா காட்டுதுங்கிறதுக்கான அளவு அது. ராத்திரி பெட்டகத்தைத் திறந்து பழைய கண்டாங்கிச் சேலைய எடுத்துப் பாக்கும்போது வித்தியாசம் தெரியும், மட்டமான டார்ச்சுல அரக்கு கலர் செத்துப்போன பழுப்பா தெரியும், 90க்கு மேல உள்ளதுல அரக்கு அரக்காவே இருக்கும். கால்ல அடிபட்டா ரத்தமா சேறான்னு பாக்கவும் இதுதான் உதவும்.

வெள்ளை டார்ச்சுல வீட்டுக்காரங்க நெறைய பேர் பண்ணாத ஒரு வேலை இருக்கு. டார்ச்சை சுவத்துக்கு நேரா அடிக்காம சுவத்தோட ஒட்டி வச்சு பக்கவாட்டுல ஓட்டுங்க. சுண்ணாம்புப் பூச்சு எங்க உப்பியிருக்கு, எங்க முடி மாதிரி வெடிப்பு ஓடுது, எங்க ஓதம் ஏறியிருக்குன்னு எல்லாம் நெழலோட எழும்பி வரும், நேரா அடிச்சா அந்தச் சுவரு பளபளன்னு ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். இதே மாதிரி நெலை, உத்தரம் ஓரமா அடிச்சா கரையான் மண்கோடு தெரியும். பர்மா தேக்குல கரையான் ஏறாதுன்னு நம்பி உக்காந்திராதீங்க, வைரம் பாஞ்ச தேக்கைத்தான் அது லேசுல தொடாது, இடையில எவனாவது ரிப்பேர் பாக்குறேன்னு சொருகி வச்ச மட்டக்கட்டையில ஆரம்பிச்சு உள்ள போயிரும். ஆத்தங்குடிக் கல் பதிச்ச தரையிலயும் டார்ச்சைத் தரையில படுக்கப்போட்டு பாருங்க, ஏறி இறங்கின கல் எதுன்னு கொத்தனாருக்கு நீங்களே காட்டலாம். மொத்த வீட்டையும் இப்படி ஓட்டிப் பாக்க ஒரு ராத்திரி போதும், போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா எஸ்டிமேட் பேசும்போது கை ஓங்கும்.

பாம்புக்கும் வெள்ளைதான், இதுல வேற பேச்சே இல்ல. கிணத்தடி, விறகு அடுக்கி வச்ச இடம், கொல்லைப்பக்கம் போறப்ப நல்ல வெளிச்சமா கால்ல இருந்து பத்தடி முன்னாடி அடிச்சுட்டே போங்க. கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும், தரையில பாய் போட்டுப் படுத்திருக்கிறவங்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்குது. படுக்கிறதுக்கு முன்னாடி பாயை உதறி, மூலையெல்லாம் ஒருதடவை அடிச்சுப் பாத்துருங்க.

அடைக்கு வச்ச முட்டையைப் பாக்கவும் வெள்ளை போதும். இருட்டுல முட்டையோட பெருத்த பக்கத்துல டார்ச்சை ஒட்டி வச்சா ஏழாம் நாள்வாக்குல செவப்பு நரம்பு ஓடுறது தெரியணும், தெரியலன்னா கூமுட்டை, எடுத்துருங்க. பொரிக்க 21 நாள்.

3. சிவப்பு: நாலு பேர் தூங்குற வீட்டுக்கு

படைப்பு சமயத்துல வளவு முழுக்க சொந்தக்காரங்க வரிசையா படுத்திருப்பாங்க. நடுராத்திரி பின்கட்டுக்குப் போகணும்னு செல்போன் லைட்டைப் போட்டீங்கன்னா அப்பத்தாவுல இருந்து கைக்குழந்தை வரைக்கும் எல்லாம் முழிச்சுக்கும், "யாருடா அது லைட்டப் போடுறது"ன்னு சத்தம் வரும். மங்கலான சிவப்புன்னா ஒருத்தரும் அசைய மாட்டாங்க. இருட்டுல பாக்குறதுக்குன்னு கண்ணுல இருக்கிற செல்லுக்கு சிவப்பு வெளிச்சம் சரியா எட்டாது, அதனால உங்க கண்ணோட இருட்டுப் பழக்கமும் கெடாது. அந்தப் பழக்கம் முழுசா வர இருவது முப்பது நிமிஷம் ஆகும், வெள்ளை லைட் ஒரு செகண்டுல அதைக் காலி பண்ணிரும். மொட்டை மாடியில படுத்து நட்சத்திரம் காட்டணும்னு பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறவங்களும் இதத்தான் வச்சுக்கணும்.

இதுல பொறி என்னன்னா, சிவப்பு வெளிச்சத்துல சிவப்பா எழுதுனது எதுவும் தெரியாது. மாத்திரை அட்டையில ஆன்டிபயாட்டிக்குன்னு அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இருக்கும்ல, அது அப்படியே மறைஞ்சுரும். அதனால மருந்து எடுக்க, கணக்கு நோட்டு பாக்க, பூச்சி பொட்டு இருக்கிற இடத்துல கால் வைக்க சிவப்பை நம்பாதீங்க. வீட்டுக்குள்ள, தெரிஞ்ச பாதைக்கு மட்டும்.

தனியா சிவப்பு டார்ச் வேணும்னு அவசியம் இல்ல. நானூறு ஐநூறு ரூபாயிலயே சிவப்பு மோடு உள்ள ஹெட்லைட் கிடைக்குது. வாங்கும்போது ஒண்ணு மட்டும் பாருங்க, சுவிட்சை அமுக்குனா நேரா சிவப்பு வரணும், வெள்ளையைத் தாண்டித்தான் சிவப்புக்குப் போகணும்னா அந்த லைட் இந்த வேலைக்கு ஆகாது. அதுவும் வேணாம்னா ஸ்டேஷனரிக் கடையில சிவப்பு செலோஃபன் பேப்பர் பத்து ரூபாய்க்கு வாங்கி ரெண்டு மூணு மடிப்பா கட்டிக்கோங்க. பவர் ஜாஸ்தியான டார்ச்சுல கட்டிராதீங்க, சூட்டுல உருகி கண்ணாடியில ஒட்டிக்கும்.

4. யு.வி.: இதுல தான் ஏமாத்துறாங்க

யு.வி. பட்டா சில சாமான் தானே மினுங்கும், அதைப் பாக்கத்தான் இந்த டார்ச். அலைநீளத்தை வச்சு இது ரெண்டு வகை. 395 நானோமீட்டர், 365 நானோமீட்டர். 395 எரநூறு முன்னூறுக்கே கெடைக்கும், ஆனா ஊதா வெளிச்சம் கண்ணுக்கே நல்லா தெரியும், அந்த ஊதாவுல மினுங்குற சாமான் அமுங்கிப்போயிரும். 365 கண்ணுக்கு ரொம்ப மங்கலா இருக்கும், அதுலயும் முன்னாடி கருப்பு ஃபில்டர் கண்ணாடி போட்டது இன்னும் சுத்தம், மினுங்குறது மட்டும் தனியா தெரியும். ஃபில்டர் போட்டது ஆயிரத்து ஐநூறுல இருந்து மேல போகும். பேர்ல 365ன்னு போட்டு உள்ள 395 வச்சு அனுப்புற ஆன்லைன் ஆளுங்க நெறைய, எனக்கே அப்படி ஒண்ணு வந்து, திருப்பி அனுப்பி காசு வாங்குறதுக்குள்ள உயிர் போச்சு.

வந்த அன்னைக்கே இப்படி டெஸ்ட் பண்ணுங்க. இருட்டு ரூம்ல எவர்சில்வர் தட்டு ஒண்ணு வச்சு சாய்வா அடிங்க. தட்டு பளிச்சுனு ஊதாவா தெரிஞ்சா அது 395. ரொம்ப மங்கலா, தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தா 365. தட்டுல இருந்து திரும்புற வெளிச்சம் கண்ணுல படாம ஓரமா நின்னு பாருங்க.

இனி எதுக்கெல்லாம் உதவும்னு பாப்போம்.

தேள். இதுக்காகவே வாங்கலாம். தேளோட ஓடு யு.வி. பட்டா பச்சையும் நீலமும் கலந்து தானே எரியுற மாதிரி மினுங்கும். கிணத்தடியில பழைய செங்கல்லு அடுக்கி வச்சிருப்போம்ல, வெள்ளை டார்ச்சுல பாத்தா செங்கல்லும் தேளும் ஒரே நிறம், கண்ணு தாண்டிப் போயிரும். அதே இடத்துல 365 அடிச்சா செங்கல் இடுக்குல கொடுக்கு மட்டும் நீட்டிட்டு இருக்கிறது கூட தெளிவா தெரியும், அரை விரல் நீளக் குட்டியும் தப்பாது. நல்லா இருட்டினதுக்கு அப்புறம் பாருங்க, நெலா இல்லாத நாள், மழை பேஞ்சு ஓஞ்ச ராத்திரி நல்ல நேரம். புதுசா தோல் உரிச்ச தேள் மட்டும் மினுங்காது, அதனால ஒண்ணும் தெரியலன்னா ஒண்ணும் இல்லைன்னு செருப்பில்லாம நடந்துராதீங்க. பெரிய கருந்தேளைப் பாத்துத்தான் எல்லாரும் அலறுவாங்க, ஆனா சின்னச் செந்தேள் கொட்டுனாத்தான் உயிருக்கே ஆபத்து, அதுவும் பிள்ளைகளுக்கு. கொட்டிருச்சுன்னா மந்திரிக்கிறது, சுண்ணாம்பு தடவுறதுன்னு நேரம் கடத்தாம நேரா ஜி.ஹெச். போயிருங்க. பாம்பு யு.வி.யில இப்படி மினுங்காது, அதனால ஒரு கையில யு.வி., இன்னொரு கையில வெள்ளை.

எலி, பூனை மூத்திரம். காஞ்சுபோன மூத்திரம் வெளிறின மஞ்சளா மினுங்கும். ரெண்டாம் கட்டுல நாத்தம் எங்க இருந்து வருதுன்னு தெரியாம வீட்டையே கழுவிக்கிட்டு இருக்கிறதுக்குப் பதிலா எலி எந்த ஓரமா நடக்குது, எந்த மூட்டைக்குப் போகுதுன்னு கோடு புடிச்சே போகலாம். ஆனா மஞ்சத்தூளும் பச்சை கலந்த மஞ்சளா மினுங்கும், சோப்புத்தூள் வெளுப்பு மருந்தும் நீலமா மினுங்கும். சாமி அறையிலயும் அடுப்படியிலயும் பாத்துட்டு வீடு முழுக்க மூத்திரம்னு பதறாதீங்க.

ரூபாய் நோட்டு. நல்ல ஐநூறு ரூபாய்ல நம்பர் அச்சடிச்ச மை மினுங்கும், பேப்பர்ல அங்கங்க சின்னச் சின்ன நாரு மினுங்கும், மத்தபடி பேப்பர் மங்கலாத்தான் கெடக்கும். பேப்பர் முழுசும் நீலமா வெளுத்துத் தெரிஞ்சா சந்தேகப்படுங்க. சட்டைப் பையிலயே சோப்புத் தண்ணில நனைஞ்ச நல்ல நோட்டும் அப்படித் தெரியும், அதனால இத மட்டும் வச்சு யாருகூடயும் சண்டைக்குப் போகாதீங்க. இந்த வேலைக்கு முன்னூறு ரூபாய் 395 போதும்.

செவப்புக் கல்லு. ஆச்சி தோட்டுல இருக்கிற கெம்பு பர்மாக் கல்லான்னு பாக்க யு.வி. அடிப்பாங்க. பர்மா கெம்புல இரும்புச்சத்து கம்மிங்கிறதால நல்ல செவப்பா கங்கு மாதிரி மினுங்கும், அது நெசம். ஆனா பேக்டரில செஞ்ச செயற்கைக் கெம்பும் அதே மாதிரி, சொல்லப்போனா இன்னும் பளிச்சுனு மினுங்கும். மினுங்குச்சுன்னு சொல்லி எவனாவது வெல ஏத்துனா எழுந்து வந்துருங்க, லேபுல குடுத்து ரிப்போர்ட் வாங்குறது ஒண்ணுதான் வழி.

எச்சரிக்கை ரெண்டு. இந்த டார்ச் கிருமியைக் கொல்லாது, கொரோனா சமயத்துல அப்படிச் சொல்லி வித்தாங்க, கிருமியைக் கொல்றது வேற அலைநீளம், அதைக் கையில வச்சுக்கிட்டு சுத்தவே கூடாது. இன்னொண்ணு, 365 கண்ணுக்கு மங்கலா தெரியுறதால பிள்ளைங்க நேரா உள்ள பாத்துக்கிட்டே இருக்கும், கண்ணுக்குக் கெடுதி. பெட்டகத்துல பூட்டி வைங்க. செல்போன் பிளாஷ்ல டேப் ஒட்டி நீல மார்க்கர் தடவுனா யு.வி. ஆயிரும்னு வீடியோ சுத்துது, அந்த பிளாஷ்ல இருந்து யு.வி. வரவே வராது, எத்தனை கலர் தடவுனாலும்.

5. மஞ்சள், பச்சை, நீலம்

மஞ்சள் மழைக்காலத்துக்கு நல்லது. ஐப்பசி மழை விட்டதும் ஈசல் கெளம்பி வெள்ளை லைட்டுல கொட்டும், மஞ்சளுக்கு ரொம்பக் கொறச்சலாத்தான் வரும். அதுக்கு 3000கே டார்ச் ஒண்ணோ மஞ்சள் செலோஃபனோ போதும். பனியில மஞ்சள் ஊடுருவும்னு சொல்றத ரொம்ப நம்பாதீங்க, பனித்துளி பெருசு, எல்லாக் கலரையும் ஒண்ணாத்தான் சிதறடிக்கும், லைட்டைக் கீழ எறக்கிப் புடிக்கிறதுதான் வேலை செய்யும்.

பச்சை நம்ம கண்ணுக்கு ரொம்பப் பளிச்சுனு தெரியுற கலர், கம்மி கரண்டுலயே வெளிச்சமா தோணும். அதுக்கு மேல வீட்டுல வேலை இல்ல. பச்சை லேசரை டார்ச்சுன்னு நெனச்சு வாங்கிராதீங்க, அது கண்ணையே பொசுக்கிரும். நீலம் வேண்டவே வேணாம், கண்ணு கூசும், பூச்சி வந்து மொய்க்கும்.

6. செல்லு: டார்ச்சை விட இதுல தான் கவனம் வேணும்

18650ன்னு ஒரு சைஸ் லித்தியம் செல்லுதான் இப்ப எல்லாத்துலயும் வருது. அதுல 9900 எம்.ஏ.ஹெச்.ன்னு (எவ்வளவு சார்ஜ் புடிக்கும்ங்கிற அளவு) எழுதியிருந்தா கண்ணை மூடிட்டு போலின்னு சொல்லலாம். அந்த சைஸ்ல நல்ல கம்பெனி செல்லே பெரும்பாலும் 3500, 3600ஐ ஒட்டித்தான் இருக்கும். கையில கெடச்சா மளிகைக் கடைத் தராசுல வச்சுப் பாருங்க, நல்ல செல் 45 கிராமை ஒட்டி வரும். முப்பது கிராம்னா உள்ள பாதி காலி. நல்ல செல் ஒண்ணு முன்னூறுல இருந்து அறுநூறு ரூபாய் ஆகும், அதுல மிச்சம் புடிக்காதீங்க.

அடையாளம்: ஐ.எஸ். 16046ன்னு முத்திரையும் கூடவே ஆர்-ன்னு ஆரம்பிக்கிற பதிவு நம்பரும் இருக்கணும். இந்தியத் தரநிலை அமைப்போட பி.ஐ.எஸ். கேர் ஆப்ல அந்த நம்பரைப் போட்டா எந்தக் கம்பெனி, பதிவு உயிரோட இருக்கான்னு காட்டிரும், ரெண்டு நிமிஷ வேலை.

7. பில், ரிட்டர்ன், வெளியூர்ல இருந்து வர்றது

காரைக்குடியில எலக்ட்ரிகல் கடையில வாங்குனா கடையிலயே இருட்டு மூலைக்குப் போய் எரிச்சுப் பாத்து வாங்கலாம், அதுதான் பெரிய வசதி. "பில்லு எதுக்குண்ணே, நம்ம கடைதானே"ம்பாங்க, இருந்தாலும் கேட்டு வாங்குங்க, கம்பெனி வாரண்டி பில்லு இல்லாம நடக்காது. கையோட அதை போட்டோ எடுத்துருங்க, அந்த பில் பேப்பர் நாலு மாசத்துல வெள்ளையா போயிரும்.

ஆன்லைன்னா பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. ரிட்டர்ன் நாள் எத்தனைன்னு ஆர்டர் போடும்போதே பாத்துக்கோங்க. முக்கியமா, ஊருக்கு வர்ற அன்னைக்கு ஊர் அட்ரஸுக்கு வர்ற மாதிரி போட்டுறாதீங்க. பார்சல் லேட்டாகி நீங்க கெளம்பினதுக்கு அப்புறம் வந்து நிக்கும். ரெண்டு வாரம் முன்னாடி இருக்கிற ஊர்லயே வாங்கி, டெஸ்ட் பண்ணி, எடுத்துட்டு வாங்க.

வெளிநாட்டு சைட்ல போட்டா கூரியர்காரன் கஸ்டம்ஸுக்கு கே.ஒய்.சி. கேப்பான், ஆதாரோ பாஸ்போர்ட்டோ குடுக்கணும், வரியும் தனி. அதவிட சிங்கப்பூர், மலேசியாவுல இருந்து வர்ற மச்சான் கிட்ட சொல்றது ஈசி. அவருகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிருங்க, உதிரி லித்தியம் செல்ல செக்-இன் பெட்டியில போடக்கூடாது, கைப்பையில தான் வரணும், ஒவ்வொண்ணும் பிளாஸ்டிக் டப்பாவுல தனித்தனியா.

8. முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு யு.வி. எடுத்துட்டுப் போறீங்களா

காரைக்குடி பழைய சாமான் கடைத் தெருவுக்குப் போறவங்களுக்கு இந்த டார்ச் உதவும். ஒட்டுன பீங்கான்ல பசை ஓடுன கோடு பெரும்பாலும் தனியா மினுங்கும். பழைய மரச்சாமான்ல அரக்கு பாலீஷ் ஆரஞ்சு கலரா தெரியும், நடுவுல ஒரு பக்கம் மட்டும் வேற கலர்னா அங்க புதுசா கைவச்சிருக்காங்கன்னு அர்த்தம். இளம்பச்சைக் கண்ணாடிச் சாமான் சிலது பளீர்னு பச்சையா எரியும், அது யுரேனியம் கலந்த கண்ணாடி. கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு அடிங்க, மூஞ்சிக்கு நேரா சாமானைப் புடிச்சு லைட் அடிச்சா அவருக்கும் கோவம் வரத்தான் செய்யும்.

வாங்குனா பில்லுல சாமான் என்ன, என்ன மரம், தோராயமா எத்தனை வருஷம்னு எழுதி வாங்குங்க. நூறு வருஷத்துக்கு மேலான கலைப்பொருளுக்கு 1972ஆம் வருஷத்து தொல்பொருள் சட்டம் இருக்கு, அதை நீங்க வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. பழசு மாதிரி இருந்து பழசு இல்லாத சாமான்னா தொல்லியல் துறைகிட்ட தொல்பொருள் இல்லைன்னு சான்றிதழ் வாங்கிட்டு அனுப்பணும். இதுக்கு நேரம் புடிக்கும், பிளைட் டிக்கெட் போட்ட பிறகு ஆரம்பிக்காதீங்க.

9. பழனிக்கு நடக்கிறவங்க

தைப்பூசத்துக்கு குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல்னு நடக்கிறவங்க விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிருவீங்க. முன்னாடி வெள்ளை, முதுகுல சிவப்பு மினுக்குற லைட், இதான் சட்டம் மாதிரி வச்சுக்கோங்க. வரிசையில கடைசி ஆளுக்குக் கட்டாயம். வெள்ளையை முதுகுல கட்டுனா பின்னாடி வர்ற லாரிக்காரனுக்கு எதிர்ல வண்டி வர்ற மாதிரி தெரியும். நூறு ரூபாய் சைக்கிள் லைட்டே போதும்.

10. இதெல்லாம் வேணாம்

ரயில் பாதை பக்கம் சிவப்பு லைட்டைக் காட்டி விளையாடாதீங்க, டிரைவருக்கு அது நில்லுன்னு அர்த்தம். நெசமாவே தண்டவாளத்துல ஆபத்துன்னா சிவப்பைக் காட்டுங்க, சிவப்பு இல்லைன்னா வெள்ளையைக் குறுக்கால வேகமா ஆட்டுங்க, அதுவும் நில்லுதான். கார் மேல சிவப்பு நீலம் மினுக்குறது வேணாம், போலீஸ் நிறுத்துவாங்க. பசங்க கண்மாய்ப் பக்கம் டார்ச் அடிச்சு முயல் புடிக்கக் கூப்பிடுவாங்க, போகாதீங்க, வனத்துறை கேஸ் ஆயிரும்.

11. வீட்டைப் பூட்டிட்டுக் கெளம்பும்போது

எல்லா டார்ச்சுலயும் செல்லைக் கழட்டிருங்க. சாதா பென்சில் செல் உள்ளேயே கெடந்தா கசிஞ்சு ஸ்பிரிங்கைத் தின்னுரும், அடுத்த வருஷம் டார்ச்சே போச்சு. லித்தியத்தை ஃபுல் சார்ஜ்ல வைக்காம பாதி சார்ஜ்ல வைங்க. சித்திரை வெயில்ல பூட்டுன வீடு நல்லா சூடேறும், முடிஞ்சா செல்லை உங்களோடயே எடுத்துட்டுப் போயிருங்க. உப்புன செல்லை குப்பையில போடாம, ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி, இ-வேஸ்ட் எடுக்கிற இடத்துல குடுங்க. வீட்டைப் பாத்துக்கிறவர்கிட்ட ஒரு சாதா வெள்ளை டார்ச்சைக் குடுத்துட்டுப் போங்க, ரெண்டு புது செல்லோட.